நாமளே கார்பெட் போட்டா கொஞ்ச நாள்ல நடுவுல அலை அலையா எழும்புதே, ஏன்?

பெரும்பாலும் ஸ்ட்ரெட்ச்சிங் சரியா பண்ணாததுதான். ஸ்ட்ரெட்ச்சிங்னா வேற ஒண்ணுமில்ல, கார்பெட்டை சும்மா விரிக்காம நல்லா இழுத்து சுவரோரத்துல மாட்டுறது.

சுவத்த ஒட்டி ஒரு மெல்லிசான பட்டி அடிப்பாங்க, டேக் ஸ்ட்ரிப்னு பேரு, அதுல சின்னச் சின்ன ஆணி முனை மேல நீட்டிட்டு இருக்கும், அந்த முனையெல்லாம் சுவத்தப் பாத்து சாஞ்சிருக்கணும் (திருப்பி அடிச்சா பிடிக்கவே பிடிக்காது), அப்பதான் இழுத்த கார்பெட் திரும்ப உள்ள வராம கவ்விப் பிடிக்கும். பட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல கார்பெட் தடிமனை விட கொஞ்சம் கம்மியா இடம் விடுங்க, வெட்டின ஓரத்தை அதுக்குள்ளதான் சொருகணும்.

இழுக்காம போட்டா என்ன ஆகும்னா, நடக்க நடக்க, சோபா நகத்த நகத்த கார்பெட் கொஞ்சம் கொஞ்சமா நீளும், நீண்டது போக இடமில்லாம மேல எழும்பிடும். தொளதொளன்னு கட்டின கொடிக்கயிறு துணி போட்டதும் தொங்கிடும்ல, அதே கதைதான்.

கார்பெட்டை இழுக்க, தொடையால இடிச்சுத் தள்ளுற 'நீ-கிக்கர்' (knee kicker)ங்கிற கருவி சின்ன ரூமுக்கு, மூலைக்கு, படிக்கெல்லாம் ஓகே. பெரிய ரூம்னா எதிர் சுவத்துல முட்டுக்குடுத்துத் தள்ளுற பவர் ஸ்ட்ரெட்ச்சரை வாடகைக்கு எடுத்துடுங்க, கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம், அடியில போடுற பேட் தடியா மெத்துமெத்துன்னு இருந்தா நல்லதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, உண்மையில ரொம்ப தடியா இருந்தா கார்பெட் ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி அமுங்கி இன்னும் சீக்கிரம்தான் தளரும்.