நூறு ரூபாய் பத்திரத்தில் கார்டியன் ஆக முடியாது

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"என் தம்பி மனைவி இரண்டு வருஷத்துக்கு முன் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். போன ஐப்பசியில் தம்பியும் பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்துவிட்டான். அவர்கள் பெண்ணுக்கு ஒன்பது வயது, நாலாவது படிக்கிறாள், அன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறாள். தம்பி சம்பாதித்து வாங்கிய நாலு மா நன்செய் அவன் பெயரில் இருக்கிறது. பூர்வீக நிலம் அண்ணனும் தம்பியும் கூட்டுப் பட்டா, பாகம் பிரிக்கவில்லை, அண்ணன்தான் சாகுபடி பார்க்கிறார். தம்பி பாங்கில் போட்ட பணத்தைக் கேட்டால் கோர்ட் ஆர்டர் கொண்டு வா என்கிறார்கள். அண்ணனோ, 'நூறு ரூபாய் பத்திரத்தில் நீதான் கார்டியன் என்று எழுதி, நாலு பெரிய மனுஷர் கையெழுத்தோடு நோட்டரி வாங்கிவிடுவோம், அப்புறம் நாலு மாவை விற்றுப் பணத்தைப் பிள்ளை பெயரில் போட்டுவிடலாம்' என்கிறார். சீர்காழியில் இருக்கும் அம்மாச்சி பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி அழுகிறார், தம்பி மனைவியின் நகை பதினெட்டுப் பவுனும் அவரிடம் இருக்கிறது. எங்கள் அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் என்ன செய்ய?"

சகோதரி, முதலில் அந்தப் பத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். நூறு ரூபாய் தாளில் எழுதினாலும் ஆயிரம் ரூபாய் தாளில் எழுதினாலும், ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் சாட்சி போட்டாலும், அது உங்களைக் கார்டியன் ஆக்காது. அப்பா, அம்மா இருவரும் இல்லாத, அவர்கள் உயிலில் யாரையும் நியமித்து வைக்காத ஒரு மைனருக்குக் காப்பாளரை நியமிக்கிற அதிகாரம் 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் மற்றும் காப்பினர் சட்டப்படி நீதிமன்றத்திடம் இருக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் அப்பாவழித் தாத்தாவுக்குத் தனி உரிமை உண்டு, அதை இங்கே விட்டுவிடுகிறேன். நீங்கள் பிள்ளைக்குச் சோறு போடலாம், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடலாம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அதையெல்லாம் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் வளர்க்கிறேன் என்கிற ஒரே காரணத்துக்காக மைனர் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்று 1956ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 11ஆம் பிரிவில் நேராகவே சொல்கிறது. அந்தப் பத்திரத்தை வைத்து நிலத்தை விற்றால் பிள்ளையின் பங்கைப் பொறுத்தவரை அந்தக் கிரயம் செல்லாது, நாளைக்கு வாங்கியவரும் கோர்ட்டுக்கு வருவார், விற்றுக் கொடுத்த நீங்களும் கூண்டில் நிற்பீர்கள்.

மைனரின் நிலத்தை விற்கப் பெற்ற தாய்க்கே கோர்ட் அனுமதி வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. சில வருஷத்துக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்தான், பத்தாவது மார்க் ஷீட்டும் பழைய கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸும் ஒரு மஞ்சள் பையில். அவனுக்குப் பதிமூன்று வயதில் அம்மா கடனுக்குப் பயந்து அவன் பங்கையும் சேர்த்து விற்றிருக்கிறார், அனுமதி வாங்கவில்லை. அப்படிப்பட்ட கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் பதினெட்டு முடிந்து மூன்று வருஷத்துக்குள் கேட்க வேண்டும். அவனுக்கு இருபத்திரண்டு ஆகியிருந்தது. மார்க் ஷீட்டில் பிறந்த தேதியை நான் விரலால் காட்டியபோது அவன் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயம்தான் என்னை உலுக்கியது: "எங்கள் அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார்." தம்பியின் சொந்தச் சொத்துக்கு மகள் மட்டும் வாரிசு இல்லை, தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மகளோடு சேர்ந்து முதலில் பங்கு பெறுகிறவர். மனைவி முன்பே இறந்துவிட்டதால் நாலு மாவில் பாதி பிள்ளைக்கு, பாதி உங்கள் அம்மாவுக்கு. அதாவது உங்கள் அம்மாவிடம் ஒரு கைநாட்டு வாங்கினால் இரண்டு மா போய்விடும், அதற்கு எந்தக் கோர்ட்டும் வேண்டாம். அண்ணன் மனதில் அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்கூட விற்கச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் நீங்கள் போய் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு மனமிருந்தால் தன் பாதியைப் பேத்திக்கு செட்டில்மென்ட் எழுதி வைக்கலாம், தன் ஆயுள் வரைக்கும் விளைச்சலை அனுபவிக்கிற உரிமையை வைத்துக்கொண்டே எழுதலாம். வயதானவரை வற்புறுத்த வேண்டாம், அது அவர் சொத்து.

நகையிலும் இதே கணக்குத்தான். தாயின் நகை மகளுக்கும் கணவருக்கும் சரிபாதி, கணவரின் அந்தப் பாதி அவர் இறந்ததும் மகளுக்கும் உங்கள் அம்மாவுக்கும். ஆக முக்கால் பங்கு பிள்ளையுடையது. அம்மாச்சி அதைப் பத்திரமாக வைத்திருந்தால் இப்போதைக்கு அதைப் பற்றிச் சண்டை கிளப்ப வேண்டாம், நீங்கள் கோர்ட்டில் போடப் போகிற கார்டியன் மனுவில் சொத்து விவரத்தில் மட்டும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

இனி மனு. பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்து நீதிமன்றத்தில் போட வேண்டும், உங்களுக்குத் திருவாரூர். பிள்ளையின் உடலுக்கும் (அதாவது வளர்ப்புக்கும்) சொத்துக்கும் சேர்த்துக் கார்டியன் கேட்பதால் மாவட்ட நீதிமன்றம் (வளர்ப்புப் பொறுப்பு மட்டும் என்றால் குடும்ப நல நீதிமன்றம்). பிள்ளையின் பிறப்புச் சான்று, பெற்றோர் இருவரின் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பட்டா, சிட்டா, பாஸ்புக், பள்ளிக்கூடச் சான்று எல்லாம் வேண்டும். வாரிசுச் சான்றில் உங்கள் அம்மா பெயரை விடாமல் போடச் சொல்லுங்கள், விட்டால் பிறகு அதுவே தகராறாகும். காப்பாளராக இருக்கச் சம்மதம் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டு இரண்டு சாட்சிகள் கையெழுத்தும் வாங்கி மனுவோடு வைக்க வேண்டும். நெருங்கிய உறவு எல்லாருக்கும் நோட்டீஸ் போகும், கோர்ட்டிலும் பிள்ளை இருக்கிற வீட்டிலும் ஒட்டுவார்கள், கோர்ட் ஊழியரான அமீனா வந்து வாசலில் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அண்டை அயலுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பூர்வீக நிலத்துக்கு மட்டும் இந்த மனுவில் கார்டியன் கேட்க முடியாது. பாகம் பிரிக்காத கூட்டுக் குடும்பச் சொத்தை வயது வந்த ஒருவர் நிர்வகிக்கும்போது மைனரின் பங்குக்கு மாவட்ட நீதிமன்றம் தனிக் கார்டியன் போடாது, அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. அண்ணன் ஒழுங்காகக் கணக்குச் சொல்கிறவராக இருந்தால் அப்படியே இருக்கட்டும், குறுவை சம்பா கணக்கை ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிள்ளை சார்பில் பாகப்பிரிவினை வழக்கே போடலாம்.

அம்மாச்சி விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் உங்களிடம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தைக்கு உரிமையா அம்மாச்சிக்கு உரிமையா என்று நீதிபதி பார்க்க மாட்டார், பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று அதே 1956 சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. வயது, பள்ளிக்கூடம், உறவு, வளர்ப்பவரின் குணம், எல்லாம் பார்ப்பார், விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்பார். பெரும்பாலும் தன் அறைக்கு அழைத்து, வக்கீல்களை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகப் பேசுவார்கள். 'அங்கே போய் இப்படிச் சொல்லு' என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதீர்கள். அம்மாவும் போய் அப்பாவும் போய் நிற்கிற பிள்ளையிடம் அம்மாச்சியா அத்தையா என்று கேட்கிறதே பெரிய பாரம், அதில் நம் பங்குக்கு ஒரு கல்லை ஏற்ற வேண்டாம். என் பேச்சைக் கேட்பதென்றால், மனு போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சீர்காழி போங்கள். மகளைப் பறிகொடுத்தவர், அவளுடைய ஒரே அடையாளம் கண்ணில் படாமல் போய்விடுமோ என்று அழுகிறார். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறையில் பிள்ளை அம்மாச்சி வீட்டில் இருக்கும் என்று மனுவிலேயே எழுதிவிடலாம், அவரும் சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வழக்கு சீக்கிரம் முடியும். எதிர்த்து நின்றால் வாய்தா மேல் வாய்தாவாக வருஷம் தாண்டும்.

ஆர்டர் வந்த பிறகும் நீங்கள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறவர்தான். நீதிமன்றம் கேட்டால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டும். விற்க, அடமானம் வைக்க, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட, தனியாக அனுமதி வேண்டும், அவசியம் அல்லது பிள்ளைக்குத் தெளிவான நன்மை இருந்தால்தான் தருவார்கள். வருஷக் குத்தகைக்கு விடலாம், தடையில்லை. உங்கள் பொறுப்பு பதினெட்டு வயதோடு முடியும். கோர்ட் கார்டியன் என்றால் இருபத்தொன்று என்று ஊரில் இன்னும் சொல்வார்கள், அந்தச் சட்டம் 1999இல் மாறிவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது இல்லவே இல்லை. லாரி மோதிய வழக்கில் இழப்பீட்டு மனு போட்டீர்களா? விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது, போன ஐப்பசி என்றால் சித்திரையோடு கெடு முடிகிறது. கார்டியன் ஆர்டருக்காகக் காத்திருக்க வேண்டாம், மைனர் சார்பில் நெருங்கிய உறவினர் 'அடுத்த நண்பர்' என்ற முறையில் மனு போடலாம், உங்கள் அம்மாவையும் மனுதாரராகச் சேருங்கள். பிள்ளைக்குக் கிடைக்கும் தொகையைப் பாங்கில் வைப்பு நிதியாகப் பதினெட்டு வயது வரை போடச் சொல்வார்கள், படிப்புச் செலவுக்கு வட்டியை எடுக்க அனுமதி கேட்கலாம். இரண்டு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கு அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு, அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

வக்கீல் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்கு போன் போடுங்கள், அல்லது திருவாரூர் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, நேரே போங்கள். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகலையும் தம்பியின் இறப்புச் சான்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே போங்கள்.