'கொவ' என்றால் கெட்டியா, கடுமையா?

ஃபின்னிஷ் மொழியில் அடிக்கடி காதில் விழும் 'கொவ' என்ற பெயரடையைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அகராதியில் 'கெட்டி' என்று போட்டிருக்கிறது. வானிலை அறிக்கையிலும் ஏன் வருகிறது?

பதில்: காய்ந்த ரொட்டி, கல், மரக்கட்டில் எல்லாம் கொவதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிச் சொல்தான் கைக்கு வரும். நாம் 'கடும்' போடும் இடங்களில் போட்டுப் பாருங்கள். கடுங்காற்று 'கொவ தூலி'. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் குளிருக்கு 'பக்கனென்' என்று தனிப்பெயரே உண்டு; மைனஸ் 25 டிகிரி என்றால் அது 'கொவ பக்கனென்'. கடும்பசி, கடுங்காய்ச்சலுக்கும் இதே சொல்தான்.

கேள்வி: தேர்வு கடினம் என்று சொல்ல 'கொவ' என்றேன். ஆசிரியை சிரித்துவிட்டார்.

பதில்: நமக்குக் கடினமான பாறை, கடினமான கேள்வி இரண்டுக்கும் ஒரே சொல். அங்கே கேள்விக்கு 'வைக்கெய'. "சுவொமி ஒன் வைக்கெய கியெலி": ஃபின்னிஷ் கடினமான மொழி. இந்த வாக்கியம் உங்களுக்கு நிறையவே பயன்படும்!

கேள்வி: சிலர் 'கொவா' என்று இழுக்கிறார்களே?

பதில்: இழுக்கவில்லை, அது வேறு வடிவம். குறில் நெடில் பழகிய நமக்கு இது லாபம். 'கொவ' பெயருக்கு முன்னால் வரும். 'கொவா' வினையோடு சேர்ந்தால் வேகம் அல்லது சத்தம்: "ஹான் அயா கொவா", அவர் வேகமாக ஓட்டுகிறார், "ஹான் புஹூ கொவா", அவர் சத்தமாகப் பேசுகிறார்.

கேள்வி: வேற்றுமை உருபு?

பதில்: 'கடுங்காற்றில்' என்னும்போது நாம் 'இல்'லைக் காற்றோடு மட்டும் சேர்க்கிறோம். அவர்கள் இரண்டிலும் சேர்ப்பார்கள்: 'கொவஸ்ஸ தூலெஸ்ஸ'. எனக்கு இது நாக்கில் படிய ஒரு முழுக் குளிர்காலம் ஆனது.

கேள்வி: என் பாட்டைக் கேட்ட பையன் 'கொவ பீஸி' என்றான். திட்டா?

பதில்: பாராட்டு. 'செம பாட்டு' என்கிறான்.

கேள்வி: 'கொவஸ்தி', 'கொவின்'?

பதில்: முதலாவது 'ரொம்ப'. "கீத்தொஸ் கொவஸ்தி" என்றால் ரொம்ப நன்றி. 'கொவின்' பெரும்பாலும் எதிர்மறையோடு வரும்: "எய் கொவின் கௌக்கன", அவ்வளவு தூரமில்லை. வழி கேட்டபோது ஒரு கிராமத்துப் பெரியவர் எனக்கு இதைத்தான் சொன்னார். சரி என்று கிளம்பினேன். ஐந்து கிலோமீட்டர்!