நேர்சிங் கனவும் ஐந்து மணித்தியால நித்திரையும்: ஓர் அம்மாவுக்கு

அம்மா,

போன செவ்வாய்க்கிழமை நீங்கள், ஏ.எல் (பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சை) இரண்டாந்தரம் எடுக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்து கதிரையில் இருந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், இன்னும் எந்தக் கிளாசுக்கு விட்டா இவளுக்கு நேர்சிங் கிடைக்கும்?" என்பது. மகள் வாய் திறக்கவில்லை. கைலேஞ்சியின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். பிறகு நீங்கள் வெளியே வாங்கில் இருந்தபோது என்னோடு அரை மணித்தியாலம் கதைத்தாள். அதில் உங்களுக்குச் சொல்லலாம் என்று அவள் சம்மதித்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். மிச்சத்தை அவள் உங்களிடம் தானாகச் சொல்லட்டும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: இன்னொரு கிளாஸ் வேண்டாம். இருப்பதில் இரண்டை நிறுத்துங்கள்.

கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். அவள் அறைச் சுவரில் மூன்று நிறப் பேனையால் எழுதி ஒட்டியிருக்கும் நேரசூசியை ஃபோனில் படமெடுத்துக் காட்டினாள். இருவரும் ஒரு கொப்பித்தாளில் கூட்டிப் பார்த்தோம். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். பயோவுக்கு இரண்டு ஆசிரியர்கள், ஆளுக்கு 4 ஆக 8 மணித்தியாலம். கெமிஸ்ரி 8, பிசிக்ஸ் 8, மீட்டல் வகுப்பு 6, இங்கிலிஷ் 4. அதற்கு மேல் மூன்று நாள் காலையில் பராமரிப்பாளர் பயிற்சி, 12. எல்லாம் சேர்த்து 46. நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்வர நாளுக்கு இரண்டரை மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள்: 15. குளிப்பு, சாப்பாடு, உடுப்புத் தோய்ப்பு, கோயில் என்று நாளுக்கு மூன்று வைத்தாலும் 21. நித்திரை ஐந்து மணித்தியாலப்படி 35. ஆக, தானாக இருந்து படிக்க மிஞ்சுவது 51.

இப்போது இரண்டாவது பயோ ஆசிரியரையும் பராமரிப்பாளர் பயிற்சியையும் எடுத்துவிடுங்கள். வகுப்பு 30 ஆகிறது. ரவுணுக்கு நாலு நாள் போனால் போதும், பயணம் 10. நித்திரையை எட்டு மணித்தியாலமாக்கினால் 56. சாப்பாடு, குளிப்பு அதே 21. மிஞ்சுவதைப் பாருங்கள்: 51. ஒரு மணித்தியாலம் கூடக் குறையவில்லை. பிள்ளை நித்திரையை விற்று வாங்கிய நேரம் முழுவதும் பராமரிப்பாளர் பயிற்சியிலும் பஸ்ஸிலும் ஒரே பாடத்தை இரண்டாம் முறை கேட்பதிலும் போயிருக்கிறது. கூட்டி முடித்ததும் அவள் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

பராமரிப்பாளர் பயிற்சி எப்படி வந்தது என்றும் சொன்னாள். ஏ.எல் சரிவராவிட்டால் கையில் ஒரு சான்றிதழாவது இருக்கட்டும் என்று கனடாவிலிருக்கும் சித்தி சொன்னாராம். நல்ல மனதோடு சொன்னதுதான், அந்தத் தொழிலிலும் குறையில்லை. ஆனால் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். அப்போது போகலாமே. இப்போது போனால், "நீ தோற்பாய் என்று நாங்கள் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்" என்பதைக் கிழமைக்கு மூன்று நாள் அவளுக்குச் சொல்வது போலாகிறது.

இங்கிலிஷ் வகுப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். பல்கலைக்கழகத்தில் தாதியியல் இங்கிலிஷில்தான். உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் முதலாம் வருடத்திலேயே புது மொழியில் படிக்கும்போது திணறாத பிள்ளை குறைவு. அந்த 4 மணித்தியாலம் பின்னால் உதவும்.

அப்புறம் அந்தக் கொப்பி. கொண்டுவந்திருந்த பயோ கொப்பியைப் புரட்டினேன். சிறுநீரகத்தி (சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகு, நெஃப்ரோன்) பற்றிய ஒரு பந்தி நாலு நிறத்தில் கோடிடப்பட்டிருந்தது. மஞ்சளின் மேல் பச்சை, பச்சையின் மேல் றோஸ். "நாலு தரம் வாசிச்சிருக்கிறன் மிஸ்" என்றாள். கொப்பியை மூடிவிட்டு அதன் படத்தைக் கீறச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டாள், கண் கலங்கிவிட்டது. இதை வைத்து அவளுக்கு மூளை இல்லை என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்தது போல ஒரு மயக்கம்தான் வரும். மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்ப்பதும், இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதிப் பார்ப்பதும்தான் மனதில் தங்கும். படித்தது மூளையில் ஊன்றுவதும் நித்திரையில்தான். 13 இலிருந்து 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் தேவை என்பது மருத்துவர் கணக்கு, அதைத் தாண்டினாலும் ஏழுக்குக் குறையக் கூடாது. உங்கள் மகள் இரவு ஒன்பதுக்குப் பிறகு மூன்று பிளேன்ரீ குடிக்கிறாள். தேயிலையில் உள்ள கஃபீனில் பாதி ஐந்து மணித்தியாலம் கழிந்தும் உடம்பில் நிற்கும். ஒரு மணிக்குப் படுத்தும் மூன்று வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அதனால்தான். பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பது நீங்கள், பாசத்தோடு. பின்னேரம் நாலு மணியோடு நிறுத்துங்கள். பிறகு ஒரு கோப்பை பால் போதும்.

இன்னொரு விஷயம், இதை அவள் சொல்லச் சொன்னாள். பேப்பர் கிளாஸ் (மாதிரி வினாத்தாள் எழுதும் வகுப்பு) மார்க்ஸ் இரவு பத்தரைக்கு வட்ஸ்அப் குழுவில் பெயரோடும் இடத்தோடும் வருகிறது. அதே குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள். பட்டியல் வந்த கையோடு அறைக் கதவு தட்டப்படும் சத்தம்தான் தனக்கு மிகவும் பயமான சத்தம் என்றாள். தயவுசெய்து குழுவை விட்டு விலகுங்கள். பாரிஸிலிருந்து அப்பா எடுக்கும்போதும் "படிக்கிறியா" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். "சாப்பிட்டியா" என்று தொடங்கினால் மற்றதை அவளே சொல்லுவாள்.

இரண்டாந்தரம் எடுக்கும் பிள்ளையின் தனிமையை நாங்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போன வருடம் வரை பள்ளிக்கூடம் இருந்தது. மணி அடிக்கும், இடைவேளை வரும், வலைப்பந்து இருந்தது, சண்டை பிடிக்கவாவது ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். இப்போது கூடப் படித்தவர்களில் சிலர் கம்பஸில். பஸ் தரிப்பிடத்தில் அவர்களைக் கண்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். நல்லூர்த் திருவிழா 25 நாளில் தேருக்குக் கூட அவளை விடவில்லை என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. அந்த 51 மணித்தியாலத்தையும் நிரப்பாதீர்கள். ஞாயிறு பின்னேரம் வெறுமையாக இருக்கட்டும். பழைய சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்து பலகாரம் தின்று சிரித்துவிட்டுப் போகட்டும்.

சரி, நேர்சிங்குக்கு வருவோம். ஒரேயொரு கதவுதான் இருக்கிறது என்று நினைப்பதால்தான் வீட்டில் இவ்வளவு பதற்றம். யாழ் பல்கலைக்கழகத்தில் நாலு வருடத் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகம், பேராதனை, றுகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு என்று மற்ற இடங்களிலும் உண்டு. அனுமதி இசட் புள்ளியில் (ஏ.எல் பெறுபேற்றைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடக் கணிக்கும் புள்ளி), பெரும்பகுதி மாவட்ட ஒதுக்கீட்டில்: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒவ்வொரு வருடமும் வரும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை நீங்களே வாசியுங்கள், பக்கத்து வீட்டார் சொல்லுவதை நம்ப வேண்டாம். மூன்று தரம் தோற்றலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும், இது அவளுக்கு இரண்டாவது.

அடுத்தது சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி. மூன்று வருட டிப்ளோமா, யாழ்ப்பாணத்திலும் ஒன்று இருக்கிறது. வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள், ஏ.எல் பெறுபேற்றைப் பார்த்து எடுப்பார்கள், பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் கிடைக்கும். "டிகிரி இல்லையே" என்று நீங்கள் முகம் சுளித்ததைக் கண்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் முடித்தவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வார்ட்டில் நோயாளிக்கு ஊசி போடுபவர் எந்த வழியால் வந்தார் என்று யார் கேட்கிறார்கள்? தனியார் நேர்சிங் படிப்புகளைப் பற்றி ஒரே வரி: இலங்கை தாதியர் பேரவையில் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்காமல் ஒரு சதம் கட்டாதீர்கள்.

எந்தக் கதவால் போனாலும் முடிவில் இருப்பது இரவுக் கடமை, 12 மணித்தியாலம் நின்ற நிலையில். நித்திரையையும் பசியையும் கவனிக்கத் தெரியாமல் அங்கே போனால் இரண்டு வருடத்தில் வேலையே வெறுத்துவிடும். இதை இப்போதே பழகுவதும் அவளுடைய படிப்பில் சேர்த்திதான்.

கடைசியாக, நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்ட விஷயம். "இவளுக்கு விசர் கிசர் எண்டு அயலுக்க கதை வந்தா?" சாப்பாடு இறங்காமல், எதிலும் ஆசையில்லாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டு இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது சோம்பலுமில்லை, கண்ணூறுமில்லை. வைத்தியரிடம் காட்ட வேண்டிய வருத்தம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. கிளினிக்குக்குப் போனது இசட் புள்ளியில் ஏறாது, அம்மா. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போல ஒரு சொல் வந்தால் அதட்டவும் வேண்டாம், கேட்காதது போல இருக்கவும் வேண்டாம். "சாகிற யோசனை வருகுதா பிள்ளை?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டதால் அந்த யோசனை புதிதாக வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். நடுச்சாமம் என்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். அன்று நான் பார்த்த அளவில் உங்கள் மகள் அந்த இடத்தில் இல்லை. ஆனால் மெலிந்திருக்கிறாள், களைத்திருக்கிறாள். அதைக் கவனிக்க வேண்டிய நேரம் இதுதான்.

வருகிற செவ்வாய் பின்னேரம் மூன்று மணிக்கு இருவரும் வாருங்கள். சுவரில் இருக்கும் நேரசூசியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதியதை அவளே எழுதட்டும், நானும் நீங்களும் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டாவது பயோ ஆசிரியருக்கு இந்த மாதக் காசு கட்டிவிட்டோமே என்றீர்கள். போனது போகட்டும்.