சம்பளத்துடன் பிஎச்.டி. கிடைக்குமா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்டம் படிக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக. அங்கே பல முனைவர் இடங்கள் சம்பள வேலைகள்தான். ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான 'யூராக்செஸ்', ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் 'பிஎச்.டி. ஜெர்மனி' ஆகிய தளங்களிலும் மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு நிறுவனங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களிலும் தேடுங்கள்.

விளம்பரத்தில் 'ஈ 13' (E 13) என்ற ஊதியப் பிரிவையும், அதன் முழு ஊதியத்தில் எத்தனை விழுக்காடு தருவார்கள் என்பதையும் அவசியம் பாருங்கள். பொறியியலில் பெரும்பாலும் 100%. வேதியியல், உயிரியலில் 50 முதல் 75% வரை என்பதே வழக்கம். விழுக்காடு குறைந்தால் ஒப்பந்தப்படி வேலை நேரமும் சம்பளமும் குறையும், ஆனால் நடைமுறையில் ஆய்வக நேரம் பெரும்பாலும் முழுதாகவே இருக்கும். இது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் தெரிந்துகொண்டே கையெழுத்திடுங்கள். வரி, காப்பீடு பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்றும், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்றும் நேர்காணலிலேயே கேட்கலாம்.

ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்புவதால்தான் பலருக்குப் பதிலே வருவதில்லை. நீங்கள் எழுதும் பேராசிரியரின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, நீங்கள் கையாண்ட எந்தக் கருவி, எந்த முறை அதற்குப் பயன்படும் என்று நான்கு வரியில் எழுதுங்கள். தன்விவரம், மதிப்பெண் பட்டியல், ஆய்வேட்டுச் சுருக்கம், பரிந்துரைக்கும் இருவரின் விவரம் எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பாக இருக்கட்டும். அந்த இருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.