பள்ளி விட்டு வந்ததும் தம்பியைக் கடிக்கும் 6 வயது மகள்

பள்ளி விட்டு வந்ததும் மகள் தம்பியைக் கடிக்கிறாள், காரணம் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "ஏன் கடித்தாய்?" என்று அந்த நேரத்தில் கேட்பதை நிறுத்திவிடுங்கள், கோபத்தின் நடுவில் இருக்கும் 6 வயதுப் பிள்ளையால் காரணம் சொல்ல முடியாது என்பதால்தான் அவள் அப்படிச் சொல்கிறாள். அவளைத் தடுத்துப் பிடித்து, "உனக்குக் கோபம் வந்திருக்கிறது, ஆனால் தம்பியைக் கடிக்க விடமாட்டேன்" என்று அந்த உணர்ச்சியை நீங்களே சொல்லிக் காட்டுங்கள்.

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வீட்டில் தமிழ், புதிதாகச் சேர்த்த பள்ளியில் மலையாளம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுவதும் பாதி புரிந்த பேச்சுக்கு நடுவே அடக்கிவைத்த அழுகையையும் பசியையும் அவள் வீட்டில் வந்து கொட்டுகிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. (திமிர் என்று சொல்லும் உறவினர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.)

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்: வந்ததும் கேள்வி எதுவுமின்றிச் சாப்பிடக் கொடுத்து, அரை மணி நேரம் தனியாக விளையாட விடுங்கள். கடிப்பது குறைந்தால் பசியும் களைப்புமே பெரும்பாலும் காரணம். இரவில் படுக்கும்போது, கோபம் வந்தால் உடம்பில் எங்கே தெரிகிறது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல்லை இறுகக் கடிப்பதையும் கை முறுக்கிக்கொள்வதையும் அவளே கவனிக்கத் தொடங்கினால், கடிப்பதற்கு முன்பே உங்களிடம் ஓடிவரப் பழக்கலாம்.

பள்ளியிலும் அடிக்கிறாள், தூக்கத்தில் அலறுகிறாள், பள்ளிக்குப் போகவே அஞ்சுகிறாள் என்றால் ஒரு வாரம் காத்திருக்காமல் ஆசிரியரிடம் பேசிவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.