விபத்து வழக்கில் ராஜியா, தீர்ப்பா? கேள்வி பதில்

காப்பீட்டு நிறுவனமொன்றின் மூன்றாம் நபர் இழப்பீட்டுப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராஜித் தொகை எங்கள் மேசையில் எப்படி முடிவாகும் என்று தெரியும். தமிழ்நாட்டுச் சாலை விபத்து வழக்குகளைப் பற்றிக் கேளுங்கள்.

திருப்பூர் வாசகர்: தம்பி பனியன் கம்பெனியில் டெய்லர். லாரி மோதி வலது முழங்கை உடைந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். இரண்டரை மாதம் ஆகிறது. ரூ.1,20,000 தருகிறோம், ராஜியாகப் போகலாம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். எலும்பு கூடிய பிறகுதான் முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று தெரியும். பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இன்று ராஜியானால் அந்தச் செலவை நாளை யாரிடமும் கேட்க முடியாது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தாலும் அப்படித்தான். அங்கே ஆன ராஜிக்கு மேல்முறையீடு கிடையாது.

இன்னொன்று. மருத்துவ வாரியம் 20 சதவீத ஊனம் என்று சான்று தரலாம். ஆனால் தையல் மெஷினில் உட்காருபவருக்கு வலது முழங்கை மடங்காவிட்டால் போவது 20 சதவீதம் மட்டுமா? உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று ராஜ்குமார் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தம்பி என்ன வேலை செய்கிறார், அதில் அந்தக் கை என்ன செய்கிறது என்பதைச் சாட்சியத்தில் கொண்டுவாருங்கள்.

அதற்காக மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போட வேண்டிய இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதக் கெடு இருக்கிறது. மனுவை உடனே போடுங்கள், ராஜியை மட்டும் தள்ளிவையுங்கள்.

விழுப்புரம் வாசகர்: அப்பா மீது வேன் மோதியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்லியிருக்கிறார். அதை வைத்துப் பணம் தர மறுக்கிறார்கள்.

கோப்பு வந்ததும் நாங்கள் முதலில் புரட்டிய தாள் அந்த ஏ.ஆர். காப்பிதான், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். இரவுப் பணி டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய ஒரே வரி. வண்டி எண் இல்லை, "மோதியது" என்ற சொல் இல்லை என்றால் சிவப்பு மையில் கோடு போட்டு வக்கீலுக்கு அனுப்புவோம். உங்கள் வழக்கு அதனால் செத்துவிடாது. முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் மகஜர், வேனை ஆய்வு செய்த மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, நேரில் பார்த்தவர் சாட்சியம் எல்லாம் சேர்ந்து அந்த வரியைத் தாண்டும். சேர்த்தவரையே கூண்டில் ஏற்றுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: ஆஸ்பத்திரியில் என்ன எழுதுகிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

நாமக்கல் வாசகர்: கால் முறிவுக்கு எவ்வளவு கிடைக்கும்?

வயது, வருமானம், ஊன சதவீதம் மூன்றும் இல்லாமல் யார் தொகை சொன்னாலும் நம்பாதீர்கள்.

மதுரை வாசகர்: அம்மா விபத்தில் இறந்துவிட்டார், வயது 42. அப்பா, நான், தங்கை இருக்கிறோம். "இல்லத்தரசிக்கு வருமானம் இல்லை, நான்கு லட்சம் பெரிய தொகை" என்கிறார்கள்.

அந்தப் பேச்சை ஏற்காதீர்கள். லதா வாத்வா வழக்கில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதத் தொகை கணக்கிட்டது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் அவர்களுக்கும் எதிர்கால உயர்வு சேர்க்க வேண்டும் என்றது.

கணக்கைப் பாருங்கள். மாதம் ரூ.12,000 என்று வைப்போம். 40 முதல் 50 வயதுக்குள் 25 சதவீத உயர்வு; ரூ.15,000 ஆகிறது. ஆண்டுக்கு ரூ.1,80,000. சார்ந்தவர்கள் மூவர் என்பதால் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்க, ரூ.1,20,000. ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பதை வயதுதான் முடிவு செய்யும்; 42 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 14. ஆக ரூ.16,80,000. ஈமச் செலவு, பாசம் இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல். நான்கு லட்சம் எங்கே நிற்கிறது?

சேலம் வாசகர்: சம்பாதிக்காதவருக்கு வருமானம் என்று போடுவது சரியா? சம்பளச் சீட்டு உள்ளவனே நிரூபிக்கப் படாதபாடு படுகிறான்.

சரிதான் ஐயா. இழப்பீடு என்பது இழந்ததற்கு ஈடு. அந்த வீட்டில் சமையல், துவைப்பு, பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து வேளை எல்லாவற்றுக்கும் நாளை ஆள் வைத்தால் பணம் கொடுக்க வேண்டாமா?

சேலம் வாசகர்: ஆள் வைக்கிற செலவைக் கேட்கட்டும். அதை வருமானம் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு கோப்பு எனக்கு இன்றும் மறக்கவில்லை. மனைவியை இழந்தவர் ராஜிப் பேச்சுக்கு வந்திருந்தார். "அவள் என்ன வேலை செய்தாள்?" என்று கேட்டேன். "சும்மாதான் இருந்தாள் சார்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தையின் சட்டைப் பொத்தான்கள் மாறி மாறிப் போடப்பட்டிருந்தன. குறைந்த தொகைக்கே அன்று முடித்தோம். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பது இன்றும் உறுத்துகிறது. இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலிக்கும் கீழே வைக்கக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன பெயர் வைத்தாலும் அந்தத் தொகையைக் குறைக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகி: என் அம்மா வீட்டில் பூ கட்டியும் விற்றார். அதையும் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. பூ வாங்கிய கடைக்காரர் சாட்சி சொன்னால் போதும். வீட்டு வேலையோடு அதுவும் சேரும்.

கரூர் வாசகர்: கை முறிவுக்கு எவ்வளவு?

நாமக்கல் வாசகருக்குச் சொன்ன பதில்தான்.

கடலூர் வாசகர்: மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டது. வண்டி எண் தெரியாது.

அதற்கென உள்ள அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. தீர்ப்பாயம் வேண்டாம், வருவாய்த் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். காவல் நிலையப் புகார் அவசியம்.

வேலூர் வாசகர்: ஆஸ்பத்திரிக்கே ஒருவர் வந்து, செலவில்லாமல் வழக்கு நடத்துகிறேன், வரும் தொகையில் 30 சதவீதம் போதும் என்கிறார். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

போடாதீர்கள். வெற்றித் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி தடை. புரோக்கருக்கு எந்த உரிமையும் இல்லை. வசதி இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

ஓசூர் வாசகர்: தொழிற்சாலை மெஷினில் விரல் போய்விட்டது. எவ்வளவு வரும்?

என் துறை அல்ல. தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள், இ.எஸ்.ஐ. இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

மதுரை வாசகர்: நாளை மறுபடி பேச அழைத்திருக்கிறார்கள் ஐயா. என்ன கேட்பது?

நான்கு லட்சம் எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்: மாத வருமானம், உயர்வு, கழிவு, பெருக்கு எண். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எழுதித் தந்தால் அந்த நான்கு எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.