டி செல் சொந்த உடம்பையே ஏன் தாக்குகிறது?

மேலூரில் உள்ள உங்கள் தங்கை மகளுக்கு முதல் வகை சர்க்கரை நோய். எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கியது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அலங்காநல்லூரில் காளைகளைச் சோதித்துத்தானே வாடிவாசலுக்கு அனுப்புவார்கள்? நோய்க் கிருமிகளைத் தாக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களுக்கு அந்தச் சோதனை நடப்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில். இன்சுலின் போன்ற நம் சொந்தப் புரதங்களை இறுகப் பற்றும் செல்கள் பெரும்பாலும் அங்கேயே சாகும். சில தப்பிவிடும்.

தப்பியவற்றை, ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ என்ற இன்னொரு வகை செல்கள் அடக்கி வைக்கின்றன. 1995இல் ஜப்பானிய விஞ்ஞானி சகாகுச்சி இவை இருப்பதைக் காட்டினார். 2025 மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு. இவை பிழைக்க இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞை வேண்டும். அது பலவீனமானால் காவல் தளரும்; தப்பிய செல்கள் கணையத்தைத் தாக்கக்கூடும். இந்தச் சமிக்ஞையைப் பெறும் புரதமான ஏற்பியின் மரபணு மாறுபாடுகளுக்கும் முதல் வகை சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு. அப்புறம், இனிப்பு தின்றதால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.